நார்ஃபோக்கில் இருந்து தெற்கே: உள்வழியா, கடல்வழியா?

அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக், ஹாம்ப்டன் பக்கம் போனால், முகூர்த்த நாளில் கல்யாண மண்டப வாசலில் நிற்கும் கார்களைப் போலப் பாய்மரப் படகுகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்க்கலாம். கனடாவில் இருந்தும் மெய்ன் மாநிலத்தில் இருந்தும் குளிருக்குத் தப்பி ஃப்ளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் போகிறவர்கள். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால், குறிப்பிட்ட தேதிக்கு முன் தெற்கே போனால் பொறுப்பேற்க மாட்டோம் என்று பல இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் ஒரு வரி இருக்கும். அதனால் காத்திருப்பு. காத்திருக்கும்போது வேறென்ன வேலை? உள்ளே போவதா, வெளியே போவதா என்ற வாக்குவாதம்தான்.

"உள்ளே" என்றால் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. ஆறுகள், உப்பங்கழிகள், வெட்டிய கால்வாய்கள் எல்லாவற்றையும் கோத்து, அட்லாண்டிக் கரைக்குச் சற்று உட்புறமாக ஓடும் நீர்வழி. நார்ஃபோக்கில் மைல் 0. மயாமி சுமார் மைல் 1,090. பராமரிப்பு ராணுவப் பொறியாளர் படையின் பொறுப்பு. சுங்கம் கிடையாது, லாக் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) கட்டணமும் கிடையாது. "வெளியே" என்றால் முகத்துவாரம் வழியாக அட்லாண்டிக்கில் இறங்கி, இரவு பகலாக ஓட்டி, அடுத்த நல்ல முகத்துவாரத்தில் உள்ளே வருவது.

என் படகு 34 அடி, தண்ணீருக்குள் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கி நிற்கும். இரண்டு வழியிலும் போயிருக்கிறேன். ஒரே முடிவாக "உள்ளே" என்றோ "வெளியே" என்றோ சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. துண்டு துண்டாகப் பிரித்து முடிவு செய்ய வேண்டிய பயணம் இது.

கணக்கு

முதலில் ஒரு சின்னப் பொறி. உள்வழி மைல் கல்லெல்லாம் சாலை மைல். படகில் இருக்கும் கருவியோ தூரத்தைக் கடல் மைலிலும், வேகத்தை 'நாட்' கணக்கிலும் (மணிக்கு ஒரு கடல் மைல்) காட்டும். 50 சாலை மைல் என்பது ஏறக்குறைய 43 கடல் மைல். ஐந்தரை நாட் வேகத்தில் எட்டு மணி நேரம். நவம்பரில் பகல் வெளிச்சமே பத்து, பத்தரை மணி நேரம்தான். இருட்டில் உள்வழியில் ஓட்டக் கூடாது: நண்டுக் கூட்டின் மிதவைகள், விளக்கில்லாத அடையாளக் கம்பங்கள், மணல்திட்டுகள். ஆகவே ஒரு நாளைக்கு 50 மைல் என்பதே நல்ல ஓட்டம். மயாமிக்கு 22 நாள் என்று காகிதம் சொல்லும். காற்று, மழை, பாலம், ரிப்பேர் எல்லாம் சேர்ந்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும்.

கடலில் அப்படி இல்லை. 24 மணி நேரமும் ஓடினால் 130 கடல் மைல். வட கரோலைனாவின் போஃபர்ட்டில் இருந்து சார்ல்ஸ்டன் வெளியே சுமார் 200 கடல் மைல், ஒன்றரை நாள். உள்ளே அதே தூரத்துக்கு ஐந்து நாளுக்கு மேல். (தென் கரோலைனாவிலும் ஆங்கிலத்தில் அதே எழுத்துகளோடு ஓர் ஊர் இருக்கிறது, ஆனால் அது பியூஃபர்ட். ஆங்கிலத்தில் எழுதினால் குழப்பம், தமிழில் எழுதினால் குழப்பமே இல்லை.)

மைல் வேண்டுமா, தூக்கம் வேண்டுமா என்பதுதான் விஷயம். கடலில் இருவர் மட்டும் போனால் மூன்று மணிக்கொரு முறை காவல் மாற்றி மாற்றி, இரண்டாம் இரவில் இருவருமே பிசாசு பிடித்தவர்கள் மாதிரி ஆகிவிடுவோம். உள்வழியில் தினமும் மாலை நான்கு மணிக்கு நங்கூரம் போட்டு, சோறு வடித்துச் சாப்பிட்டு, எட்டரைக்குத் தூங்கிவிடலாம்.

ஆனால் உள்வழியைப் பாய்மரப் பயணம் என்று சொல்வது முக்கால் பொய். ஆல்பமார்ல், பாம்லிகோ, நியூஸ் ஆறு போன்ற அகலமான இடங்களில் பாய் விரிக்கலாம். மற்றபடி டீசல் இன்ஜின் சத்தம்தான் துணை. அதற்காகவே வெளியே போகிறவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் படகு உள்ளே நுழையுமா?

அசையாத பாலங்களின் உயரம் பொதுவாக 65 அடி. மயாமியில் ஜூலியா டட்டில் பாலம் மட்டும் 56 அடி. வட கரோலைனாவில் மைல் 126 அருகே உள்ள வில்கர்சன் பாலம் 65 என்று பெயர் வாங்கியிருந்தாலும் கொஞ்சம் கம்மி. பாய்மர உச்சியில் இருக்கும் ஆன்டெனாவையும் சேர்த்து அளக்க வேண்டும். பெரிய கேட்டமரான்களில் (இரட்டை உடல் படகுகளில்) பல இந்த 65 அடியிலேயே அடிபட்டுப் போகும். நம் கட்டுமரத்தில் இருந்து போன பெயர், ஆனால் பாய்மரம் மட்டும் ஆகாயத்தில்.

ஆழம்? ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அங்கிருந்து மயாமி வரை 10 அடி என்பது ஏட்டுச் சுரைக்காய். மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தடி இறங்கும் படகுக்கு நிம்மதி, ஆறடிக்குக் கவனம், ஏழடிக்கு நான் உள்வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: உள்ளே தரை தட்டினால் பெரும்பாலும் சேறு. வெட்கம்தான், ஆபத்தில்லை. கடல் ஏற்றம் வந்தால் மிதந்துவிடும். வெளியே முகத்துவாரத்தில் தட்டினால் படகே போய்விடும்.

முதல் 200 மைல்: விவாதமே இல்லை

நார்ஃபோக்கில் இருந்து போஃபர்ட்டுக்கு வெளியே போக வேண்டுமென்றால் ஹட்டெரஸ் முனையைச் சுற்ற வேண்டும். அட்லாண்டிக்கின் சுடுகாடு என்றே அந்தக் கடலுக்குப் பெயர். டைமண்ட் திட்டுகள் ஒரு பக்கம், வடக்கே பாயும் கல்ஃப் ஸ்ட்ரீம் நீரோட்டம் மறுபக்கம். குளிர்காலத்தில் வடகாற்று அந்த நீரோட்டத்தை எதிர்த்து அடித்தால் அலை சுவர் மாதிரி எழும். நான்கு நாளில் உள்ளே முடிகிற தூரத்துக்கு இது தேவையா? தேவையில்லை.

உள்ளே போனால் உடனே இன்னொரு கேள்வி. மைல் 7 தாண்டியதும் வழி இரண்டாகப் பிரியும்: டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய், வர்ஜீனியா கட்.

டிஸ்மல் ஸ்வாம்ப் 22 மைல் கால்வாய். 1793இல் தோண்டத் தொடங்கி 1805இல் திறந்தார்கள். மண்ணை வெட்டியவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்த கறுப்பினத்தவர்கள். அந்தச் சதுப்பு நிலத்தில் காசு பார்க்கலாம் என்று 1763லேயே ஜார்ஜ் வாஷிங்டன் கூட்டாளிகளோடு இறங்கியது தனிக் கதை. மரங்களின் சாறு ஊறி, தண்ணீர் இரண்டாம் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். இரு கரையிலும் மரம், நடுவில் கண்ணாடி மாதிரி நீர். இரண்டு லாக்குகள் உண்டு, ஒவ்வொன்றும் படகைச் சுமார் எட்டடி ஏற்றி இறக்கும். நாளுக்குச் சில முறைதான் திறப்பார்கள், தவறவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். ஆழம் ஆறடி என்றாலும் அடியில் மூழ்கிய மரக்கட்டைகள் கீலில் (படகின் அடித்தண்டில்) 'டொம்' என்று இடிக்கும். முதல் தடவை எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது. பாசி சேர்ந்து இன்ஜினுக்குத் தண்ணீர் எடுக்கும் வடிகட்டியை அடைக்கும். இதையெல்லாம் தாண்டினால் எலிசபெத் சிட்டி. ஊர்க்காரர்கள் இலவசத் துறையில் வரவேற்று, 1983 முதல் ரோஜாப்பூ கொடுத்துப் பேர் வாங்கிய ஊர்.

வர்ஜீனியா கட் 1859இல் திறந்தது. கிரேட் பிரிட்ஜில் 600 அடி நீள லாக், குறித்த நேரத்துக்கு மட்டுமே திறக்கும் பாலங்கள், சரக்குப் படகுகள், அப்புறம் அலையைக் கிளப்பிக்கொண்டு விரையும் மோட்டார் யாட்டுகள். ஆழம் அதிகம், வேகம் அதிகம், அழகு கம்மி. காயின்ஜாக் என்ற இடத்தில் மாட்டிறைச்சி ரோஸ்ட் பிரபலம்; சாப்பிடுகிறவர்கள் அதற்காகவே அந்த வழி போகிறார்கள். ஐந்தடிக்குள் இறங்கும் படகும் ஒரு நாள் கூடுதலாகவும் இருந்தால் டிஸ்மல்தான் என் தேர்வு. புயலுக்குப் பின் மட்டும் விசாரித்துவிட்டுப் போங்கள். 2016 மேத்யூ புயலுக்குப் பிறகு அது நீண்ட காலம் மூடிக் கிடந்தது.

நங்கூரமா, மரீனாவா, மூரிங்கா?

மரீனாவில், அதாவது படகு கட்டும் துறையில், படகின் நீளத்துக்கு, அடிக்கு இத்தனை டாலர் என்று வாங்குவார்கள். அடிக்கு இரண்டு டாலர் என்று வைத்தாலே எனக்கு ஓர் இரவுக்கு 68 டாலர். சுடுதண்ணீர்க் குளியலுக்கும் துணி துவைக்கவும் வாரம் ஒரு முறை சரி. மூரிங் மிதவை, அதாவது நீரடியில் நிலையாகப் பிணைத்த மிதவையில் படகைக் கட்டுவது, இடைப்பட்ட வழி. செயின்ட் அகஸ்டினிலும் வீரோ பீச்சிலும் நகராட்சியே நடத்துகிறது. வீரோவில் கூட்டம் அதிகமானால் ஒரே மிதவையில் இரண்டு, மூன்று படகுகளைச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். ஒட்டினால் போக மனம் வராது என்பதால் அதற்கு 'வெல்க்ரோ பீச்' என்று பட்டப்பெயர்.

எனக்கு நங்கூரம்தான். ஆனால் வட கரோலைனாவில் கற்ற நங்கூரப் பாடம் ஜார்ஜியாவில் செல்லாது. வடக்கே உப்பங்கழிகளில் ஓதம் (நீர் ஏறி இறங்குவது) காற்றால் வருவதுதான், அதுவும் கொஞ்சம்தான். ஜார்ஜியாவில் ஏழு முதல் ஒன்பது அடி வரை ஏறி இறங்கும்.

நான் முதல் தடவை ஒரு சிற்றாற்றில் இறக்க நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். ஆழம் எட்டடி, படகின் முகப்பு நீர்மட்டத்தில் இருந்து நாலடி. மொத்தம் 12, அதற்கு ஐந்து மடங்கு சங்கிலி என்ற கணக்கில் ஐந்தால் பெருக்கினால் 60 அடி. பெருமையாகத் தூங்கப் போனேன். நள்ளிரவு தாண்டி ஏற்றம் எட்டடி வந்தது. அப்போது மொத்தம் 20 அடி. என் 60 அடி சங்கிலி வெறும் மூன்று மடங்கு. நீரோட்டமும் திசை மாறி இழுக்க, நங்கூரம் பிடுங்கிக்கொண்டு படகு கோரைப்புல்லைப் பார்த்து நகர ஆரம்பித்தது. ஆழமானியின் அலாரம் எழுப்பியது. 100 அடி விட்டிருக்க வேண்டும். 100 அடி விட்டால் சுற்றிவர இடம் வேண்டும், ஆகவே ஆறு அகலமாக இருக்க வேண்டும். இடத்தைத் தேடும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று: காற்று ஒரு பக்கம், நீரோட்டம் மறுபக்கம் என்றால் படகு எந்தப் பக்கமும் நிற்காமல் குறுக்கே கிடக்கும். பக்கத்துப் படகு கயிற்றிலும் நீங்கள் சங்கிலியிலும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு விதமாகச் சுழலும். காலையில் சங்கிலியோடு ஏறி வரும் கருஞ்சேறு அழுகிய முட்டை மாதிரி நாறும். ஒரு வாளியும் தேய்ப்பானும் முகப்பிலேயே இருக்கட்டும்.

சில நங்கூர இடங்கள் வேடிக்கையானவை. மைல் 244இல் மைல் ஹாமக் பே, கடற்படைக் காலாட்படையின் லெஜுன் முகாமுக்குள்ளேயே இருக்கிறது. நங்கூரம் போடலாம், கரையில் கால் வைக்கக் கூடாது.

ஜார்ஜியாவும் அதற்குக் கீழும்

பெரும்பாலோர் சொல்லும் வழி: சார்ல்ஸ்டனில் வெளியேறி, ஜார்ஜியாவைத் தாண்டி, ஃப்ளோரிடா எல்லையில் செயின்ட் மேரிஸ் முகத்துவாரத்தில் உள்ளே வா. காரணம் உண்டு. ஹெல் கேட், லிட்டில் மட் ஆறு, ஜெக்கில் ஓடை மூன்றும் தட்டும் இடங்கள். ஆனால் நான் மாறுபடுகிறேன். அவற்றைப் பாதி ஏற்றத்தில், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது கடந்தால், தட்டினாலும் அரை மணியில் விடுபடலாம். அதற்குப் பரிசாக, ஆள் அரவமற்ற சதுப்புப் புல்வெளியில் இரவுகள். கடைசியில் கம்பர்லண்ட் தீவு: கார்னகி குடும்பத்து மாளிகையின் இடிபாடு, அதைச் சுற்றி மேயும் காட்டுக் குதிரைகள். இதைத் தவிர்க்கவா தெற்கே வந்தோம்?

நான் வெளியே போகச் சொல்வது போஃபர்ட் – சார்ல்ஸ்டன் துண்டை, அதுவும் இரண்டு நாள் நிலையான வானிலை கிடைத்தால். வாக்கமா ஆற்றின் சைப்ரஸ் மரங்களை இழப்பீர்கள், அது நிஜமான இழப்பு. ஆனால் மைல் 347 அருகே பாறை வெட்டிய குறுகிய வாய்க்காலில் சரக்குப் படகு எதிரே வருமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

ஃப்ளோரிடாவில் லேக் வொர்த்துக்குத் தெற்கே முடிவு எளிது. உள்ளே பழைய பாம்பன் பாலம் போல வாய் திறக்கும் தூக்குப் பாலங்கள் வரிசையாக, ஒவ்வொன்றும் தன் நேரப்படிதான் திறக்கும். இருபுறமும் காங்கிரீட் சுவரில் மோதித் திரும்பும் அலை. விடியுமுன் லேக் வொர்த் முகத்துவாரத்தில் வெளியேறி, கரையை ஒட்டியே போங்கள்; கல்ஃப் ஸ்ட்ரீம் அங்கே மிக அருகில் வந்து வடக்கே தள்ளும். 40 கடல் மைல் போனால் போர்ட் எவர்கிளேட்ஸ். பெரிய கப்பல்களுக்கு வழிவிட்டு உள்ளே வந்து, ஃபோர்ட் லாடர்டேல் நடுவே லேக் சில்வியாவில் நங்கூரம் போடலாம். சுற்றிலும் கோடீஸ்வரர்களின் வீடுகள். இடம் சின்னது, படகுகள் நெருக்கம், சங்கிலியை அளந்துதான் விட வேண்டியிருக்கும்.