எட்டு ஊசியா, ஒரே ஊசியா? பசுவின் சினைப்பையைத் தூண்டும் இரண்டு ஹார்மோன்கள்

கருமாற்றத்துக்காக, அதாவது ஒரு பசுவின் கருக்களை வேறு பசுக்களின் கருப்பையில் வைத்து வளர்ப்பதற்காக, நல்ல பசு ஒன்றிலிருந்து ஒரே தடவையில் பல கருக்கள் எடுக்க வேண்டுமானால், அதன் சினைப்பையில் பல முட்டைகள் ஒன்றாக முதிர வேண்டும். இதற்கு நெடுங்காலமாக இரண்டு மருந்துகள் போட்டியில் இருக்கின்றன. ஒன்று எஃப்.எஸ்.ஹெச், அதாவது சினைப்பையில் முட்டைகளை வளரத் தூண்டும் ஹார்மோன். பெரும்பாலும் இறைச்சிக்கூடத்துப் பன்றிகளின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுப்பது. இன்னொன்று சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பி.எம்.எஸ்.ஜி. இப்போது இதை ஈ.சி.ஜி என்கிறார்கள், இதயப் பரிசோதனையோடு குழம்பும் என்பதால் பழைய பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

பசு ஏன் வழக்கமாக ஒரு முட்டையோடு நிறுத்திக்கொள்கிறது? சுமார் 21 நாள் சினைப்பருவச் சுழற்சியில் ஃபாலிக்கிள்கள் (ஒவ்வொன்றும் ஒரு முட்டையைத் தாங்கும் சிறு நீர்ப்பை) இரண்டு அல்லது மூன்று அலைகளாக வளர்கின்றன. ஒவ்வோர் அலையின் தொடக்கத்திலும் ரத்தத்தில் எஃப்.எஸ்.ஹெச் ஏறும், 4 மி.மீ. அளவில் ஒரு கூட்டம் கிளம்பும். சில நாளில் ஒன்று முந்திவிடும். ஹோல்ஸ்டீன் என்ற கறவை இனப் பசுவில் அது சுமார் 8.5 மி.மீ. எட்டும்போதும், பிரேசிலில் பரவலாக வளர்க்கும் நெல்லூர் (Nelore) இனத்தில் சுமார் 6 மி.மீ. எட்டும்போதும் மற்றவை பின்தங்குகின்றன. முந்தியது சுரக்கும் ஈஸ்ட்ரடயால், இன்ஹிபின் என்ற ஹார்மோன்கள் எஃப்.எஸ்.ஹெச்சைக் கீழே இறக்கிவிடுவதுதான் காரணம். அது மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்றால், அதற்குள் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி கட்டவிழ்ந்து கிடைக்கிறது, குறைந்த எஃப்.எஸ்.ஹெச்சும் அதற்குப் போதும். கூடவே, முட்டையை முதிரவைத்து வெளியேற்றும் எல்.ஹெச் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் அதில் முளைத்துவிடுகின்றன. மற்றவை சுருங்கி அழிகின்றன.

ஆக, எஃப்.எஸ்.ஹெச் இறங்காமல் நாமே வெளியிலிருந்து பிடித்து வைத்தால் பின்தங்கியவையும் பிழைக்கும். இரண்டு மருந்துகளும் செய்வது இதைத்தான். ஆனால் எவ்வளவு நேரம் உடம்பில் தங்குகின்றன என்பதில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எஃப்.எஸ்.ஹெச் சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வெளியேறிவிடும். அதனால் காலை, மாலை என்று நாலு நாள், அளவைப் படிப்படியாகக் குறைத்து எட்டு ஊசி. மூன்றாம் நாள் வாக்கில் பசுவைப் பருவத்துக்குக் கொண்டுவர புரோஸ்டகிளாண்டின் ஊசி, பிறகு கருவூட்டல், அதிலிருந்து ஏழாம் நாள் கருக்களைக் கழுவி எடுப்பது. பி.எம்.எஸ்.ஜி மூலக்கூறில் சர்க்கரைச் சங்கிலிகள் அதிகம்; அதனால் அது நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். 1,500 முதல் 3,000 யூனிட் வரை ஒரே ஊசி, வேலை முடிந்தது.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சிக்கலும் அங்கேதான். முட்டைகள் வெளியேறிய பிறகும் மருந்து தங்கியிருப்பதால் அடுத்த கூட்டம் ஃபாலிக்கிள்கள் கிளம்புகின்றன. அவை சுரக்கும் ஈஸ்ட்ரடயால், கருவுக்கு அமைதி தேவைப்படும் நேரத்தில் கருப்பைக் குழாயையும் கருப்பையையும் கலைத்துவிடுகிறது. வெடிக்காத பெரிய ஃபாலிக்கிள்களும் மிஞ்சும். இதைச் சமாளிக்க, மிஞ்சிய மருந்தைச் செயலிழக்கச் செய்யும் எதிர் சீரம் ஒன்றைத் தனியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே ஊசி என்ற சௌகரியம் அத்தோடு போயிற்று. கருக்கள் வேண்டும் என்றால் என் ஓட்டு எஃப்.எஸ்.ஹெச்சுக்கே, அதிலும் எல்.ஹெச் கலப்பு குறைந்த தயாரிப்புக்கு. எட்டு முறை பிடிக்க முடியாத முரட்டு மாடுகளுக்கு, மருந்தை மெதுவாக வெளிவிடும் ஹயலூரோனன் என்ற பிசின் போன்ற பொருளில் கரைத்து இரண்டே ஊசியாகப் போடும் முறை இருக்கிறது.

அப்படியானால் பி.எம்.எஸ்.ஜி வேண்டாமா? பிரேசிலின் நெல்லூர் மந்தைகளைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வராது. அங்கே பருவ அறிகுறிக்குக் காத்திராமல் செய்யும் குறித்த நேரக் கருவூட்டலில், யோனிக்குள் வைத்த புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சாதனத்தை எடுக்கும் நாளில் 300 அல்லது 400 யூனிட் மட்டும் போடுகிறார்கள். கன்றுக்குப் பால் கொடுத்து மெலிந்த பசுவில் எல்.ஹெச் துடிப்பு (விட்டுவிட்டுச் சுரப்பது) பலவீனமாக இருக்கும். அந்த ஒற்றை ஃபாலிக்கிளை முட்டை வெளியேறும் வரை தாங்கிப் பிடிக்க நீண்ட நேரம் தங்கும் மருந்துதான் வேண்டும். கொழுகொழுவென்று ஒழுங்காகப் பருவத்துக்கு வரும் பசுவுக்கு இதனால் பெரிய லாபமில்லை.

சரி, எந்த மருந்தானாலும் சினைப்பையில் இல்லாத ஃபாலிக்கிளை அது உண்டாக்காது. அலையில் கிளம்பும் சிறு ஃபாலிக்கிள்கள் அதற்குப் பல மாதம் முன்பே வளரத் தொடங்கியவை. அந்த ஆரம்பக் கட்டத்தை நடத்துவதில் முட்டையே சுரக்கும் ஜி.டி.எஃப்-9, பி.எம்.பி-15 போன்ற காரணிகளுக்கு முக்கியப் பங்கு. கன்று ஈன்றபின் தீனி போதாமல் உடம்பு இளைத்தால் ஐ.ஜி.எஃப்-1 சரியும், ஊசிக்குப் பலனும் குறையும். மாட்டு வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்து ஐ.ஜி.எஃப்-1ஐ ஏற்றியபோது சிறு ஃபாலிக்கிள்களின் எண்ணிக்கை கூடியது. ஆனால் கறவை மாடுகளுக்கு அந்த ஹார்மோனை ஐரோப்பிய ஒன்றியம் 2000 முதல் தடை செய்துவிட்டது. எனவே நான் சொல்வது: மருந்து வாங்குமுன் ஸ்கேனில் ஃபாலிக்கிள்களை எண்ணுங்கள், அல்லது சிறு ஃபாலிக்கிள்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதைக் காட்டும் ஏ.எம்.ஹெச் ஹார்மோனின் அளவை ரத்தத்தில் பாருங்கள். இரண்டும் குறைவென்றால் வேறு பசுவைத் தேர்ந்தெடுப்பதே மேல்.

பி.எம்.எஸ்.ஜிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சினையின் சுமார் 40ஆம் நாளிலிருந்து 120ஆம் நாள் வரைதான் குதிரை இதைச் சுரக்கும்; அப்போது திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள். ஐஸ்லாந்து, உருகுவே, அர்ஜென்டினா பண்ணைகளில் இது நடக்கும் விதம் குறித்து விலங்குநல அமைப்புகள் கடுமையாக எதிர்க்கின்றன. ஆய்வகத்திலேயே மாற்றுப் புரதம் தயாரிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன.