டங்கன் ஹைன்ஸ் ஃபட்ஜ் மார்பிள்: வரி அழகாக விழுகிறது, கிரீமை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்

டங்கன் ஹைன்ஸ் பிராண்டின் ஃபட்ஜ் மார்பிள் கேக் மிக்ஸ், 432 கிராம் பெட்டி. உள்ளே ஒரு பெரிய பையில் வெளிர்மஞ்சள் மாவும் ஒரு சின்னப் பொட்டலத்தில் கோகோவும் இருக்கும். டல்லாஸில் இருக்கும் என் மனைவியின் தங்கை ஊருக்கு வரும்போதெல்லாம் சூட்கேஸில் இரண்டு மூன்று பெட்டி போட்டுக்கொண்டு வருவார். சென்னையில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் அமெரிக்க மிக்ஸ்கள் கிடைக்கின்றன. ஆனால் அமெரிக்காவில் கொடுப்பதைப் போல் பல மடங்கு விலை. அந்த விலைக்கு வாங்கலாமா என்று கேட்டால், மார்பிள் கேக்குக்கு மட்டும் வாங்கலாம் என்பேன். சாதா வெனிலாவுக்கும் சாக்லேட்டுக்கும் வேண்டாம். அவற்றுக்கு வேண்டிய மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் வாலாஜாபேட்டை மளிகைக் கடையிலேயே இருக்கிறது, கையால் கலந்தாலும் நன்றாகவே வரும்.

மார்பிள் அப்படியில்லை. வெள்ளை மாவும் பழுப்பு மாவும் ஒரே பதத்தில் இருந்தால்தான் பளிங்குக் கல்லில் இருப்பது போல வரி விழும். கோகோ தண்ணீரை உறிஞ்சும். அதைச் சேர்த்த பாதி மாவு கெட்டியாகி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், தளர்ந்த பாதி மேலே ஏறிவிடும். வெட்டினால் அடியில் பழுப்பு, மேலே மஞ்சள் என்று தனித்தனி அடுக்காக இருக்கும். வேலூரில் ஒரு பேக்கரியில் மார்பிள் என்று எழுதி வைத்திருந்த கேக்கை வாங்கி வந்தேன். மேலே மட்டும் சாக்லேட் கோடு, உள்ளே வெறும் மஞ்சள். என் மகள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது மேக்கப்பு மட்டும்தான்" என்றாள். அவள் சொன்னது சரி.

நான் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் கம்பெனி ஒன்றின் லேபில் வேலை செய்கிறேன். தோலுக்கு அடிக்கும் ஃபினிஷிங் கலவையை ஃபோர்டு கப்பில் ஊற்றி, அடி ஓட்டை வழியாக எத்தனை நொடியில் வடிகிறது என்று பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. வடியும் நேரம் மாறினால் பூச்சு திட்டுத்திட்டாக விழும். அதனால் மாவைப் பார்த்தாலும் என் கண் முதலில் அதன் பதத்தைத்தான் பார்க்கும். இந்தப் பெட்டியின் வெள்ளை மாவைக் குழிக்கரண்டியில் எடுத்துச் சரித்தால் பட்டையாக, விட்டுப்போகாமல் இறங்குகிறது. கீழே விழுந்த மடிப்பு ஒரு கணம் நின்று பிறகு மறைகிறது. ஒரு பங்கை எடுத்துக் கோகோ கலந்த பிறகும் கிட்டத்தட்ட அதே பட்டைதான், மடிப்பு மட்டும் சற்று அதிக நேரம் நிற்கிறது. அதற்கு ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பெட்டியில் சொல்லாத ஒன்றாக நான் சேர்ப்பது அந்த வெந்நீர் மட்டுமே. (லேப் அளவுக் குடுவையை வீட்டுச் சமையலுக்குக் கொண்டு வராதீர்கள். எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.)

வரி போடுவதற்கு, வட்டத் தட்டில் வெள்ளை ஒரு கரண்டி, பழுப்பு ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பழுப்பைத் தட்டின் ஓரத்தில் ஒட்டாமல் உள்ளே தள்ளியே வைப்பேன், ஓரம் சீக்கிரம் காயும் என்பதால். பிறகு மழுங்கல் கத்தியை அடி வரை இறக்கி, 8 எழுதுவது போல இழுத்து ஒரு எட்டு. அப்புறம் தட்டைக் கால்வாசி திருப்பி இன்னொரு எட்டு. அவ்வளவுதான், கத்தியை வெளியே எடுத்துவிட வேண்டும். மேலே வரி அழகாகத் தெரிகிறதே என்று இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் உள்ளே எல்லாம் கலந்து காப்பி நிறத்துக்குப் போய்விடும். இரண்டு எட்டோடு நிறுத்திய கேக்கை வெட்டும்போது, பழுப்பு ஓர் இடத்தில் தடித்து, நடுவில் மெலிந்து, ஓரத்தில் நூலாகப் போய் முடியும். இந்த மிக்ஸில் அந்த விளிம்பு கலங்காமல் தெளிவாக வருகிறது. நான் இதற்கு முழு மதிப்பெண் கொடுப்பது இதற்காகத்தான்.

அளவுகளில் நம் ஊருக்கென்று சில திருத்தம் வேண்டும். பெட்டி சொல்லும் கப் அமெரிக்கக் கப், ஏறக்குறைய 240 மில்லி. நம் வீட்டு டம்ளர் ஒவ்வொன்றும் ஓர் அளவு, அதை நம்ப முடியாது. பெட்டி மூன்று பெரிய முட்டை கேட்கிறது. அமெரிக்காவில் பெரிய முட்டை என்றால் ஓடு நீக்கி 50 கிராம் கணக்கு. ஆக மொத்தம் 150 கிராம். நாமக்கல் முட்டை பெரிதாக இருந்தால் மூன்று போதும், சிறிதாக இருந்தால் நான்காவதும் உடைக்க வேண்டிவரும். எடை போட்டுவிட்டால் குழப்பமே இல்லை. எண்ணெய்க்கு ரீஃபைண்டு சூரியகாந்தி நல்லது. நம் பக்கம் மணிலா விளையும் பூமி, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதன் வாசனை எனக்கு உயிர். ஆனால் இந்தக் கேக்கில் வெனிலாவை அது அமுக்கிவிடும்.

சூடு 350 ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 177 டிகிரி. ஓடிஜி (வீட்டு மின்சார அவன்) குமிழில் 180 என்று வைத்தால் உள்ளே 180தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே வைக்கும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். பெட்டியில் இரண்டு வட்டத் தட்டுகளை ஒன்றாக உள்ளே தள்ளச் சொல்கிறார்கள். நம் ஓடிஜியில் பெரும்பாலும் ஒன்றுதான் நுழையும். பேக்கிங் பவுடரில் ஒரு பங்கு ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும், மிச்சம் சூட்டில்தான் எழும். வெளியே காத்திருக்கும் மாவு, அதுவும் நம் சமையலறை வெக்கையில், தன் காற்றை இழந்துகொண்டே இருக்கும். முதல் தட்டு வேகும் வரை இரண்டாவதை ஃபிரிட்ஜில் வைத்தால் உயரத்தில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. மாதாந்திர மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பாதி வெந்த கேக்கை எதைக் கொண்டும் மீட்க முடியாது.

குக்கரில் செய்யலாமா என்று கேட்பார்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பிச் செய்தால் வேகும். ஆனால் மூடியில் கோத்த நீர் சொட்டி மேல்பகுதி ஈரமாகிவிடும், வரியும் மங்கும். வெறுமனே வெட்டிச் சாப்பிட அது போதும், அடுக்கிக் கட்டும் கேக்குக்கு வேண்டாம்.

ருசிக்கு வருவோம். மெத்தென்று இருக்கிறது, மூன்றாம் நாளும் காயவில்லை. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்வது அதற்கு ஒரு காரணம். பொருள் பட்டியலில் முதலில் நிற்பது சர்க்கரை, மாவு அதற்குப் பிறகுதான். அமெரிக்க மிக்ஸ்கள் பெரும்பாலும் அப்படித்தான். அவ்வளவு சர்க்கரையையும் ஈரத்தையும் தாங்குவதற்கென்றே வெளுத்த மாவும், எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் வைக்கும் எமல்சிஃபையரும் சேர்க்கிறார்கள். ஆற்காடு மக்கன் பேடாவில் வளர்ந்த நாக்குக்கு இது ஒரு இனிப்பே இல்லைதான். இருந்தாலும் மேலே கிரீமும் இனிப்பாகப் போனால் ஒரு துண்டுக்கு மேல் இறங்காது. கோகோப் பங்கின் லேசான கசப்புதான் இதைக் காப்பாற்றுகிறது. அதனால் பழுப்பு மாவைக் குறைக்காதீர்கள்.

டங்கன் ஹைன்ஸ் உண்மையில் வாழ்ந்த மனிதர். ஊர் ஊராகப் போய் விற்பனை செய்தவர், வழியில் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்களைக் குறித்து வைத்து 1930களில் கையேடாக வெளியிட்டார். அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை முதலாக வைத்து, நெப்ராஸ்காவின் மாவு மில் ஒன்று 1951ல் அவர் பெயரில் கேக் மிக்ஸ் போட்டது. மிக்ஸ் என்ற யோசனை அதற்கும் முந்தையது. பிட்ஸ்பர்க்கில் டஃப் என்ற கம்பெனியிடம் கரும்புப் பாகு மிஞ்சிப் போக, அதை மாவோடு சேர்த்து உலர்த்தி 1933ல் காப்புரிமை வாங்கினார்கள். 1935ல் வாங்கிய அடுத்த காப்புரிமையிலேயே முட்டையை வீட்டில் புதிதாக உடைத்துச் சேர்ப்பது வந்துவிட்டது. பெண்களுக்கு ஒரு வேலை கொடுப்பதற்காகப் பின்னாளில் மனோதத்துவக்காரர்கள் சொல்லித்தான் முட்டையைச் சேர்க்க வைத்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. தேதிகளைப் பார்த்தால் அது நிற்கவில்லை. இந்தப் பெட்டியில் புது முட்டையின் ருசி நன்றாகவே தெரிகிறது.

பழைய சமையல் குறிப்புகளை வைத்துச் செய்பவர்களுக்கு ஒன்று. முன்பு இந்த வகைப் பெட்டிகள் 517 கிராம் இருந்தன. பிறகு கம்பெனிகள் 432க்கு இறக்கிவிட்டன. ஒரு பெட்டி மிக்ஸ் என்று எழுதியிருக்கும் பழைய குறிப்பில் மாவு குறையும், தண்ணீர் மிஞ்சும். எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டு தட்டுக் கேக்கையும் கிரீம் பூசி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. இங்கே பெட்டி உங்களுக்கு உதவாது. அமெரிக்காவில் வெண்ணெயும் சர்க்கரையும் அடித்த பட்டர்கிரீமைப் பூசி மேசையில் வைத்தால் அப்படியே நிற்கும். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். கத்திரி வெயிலில் வேலூரில் வெளியே 40ஐத் தாண்டும், அடுப்பு எரியும் சமையலறையைச் சொல்லவே வேண்டாம். மேல் அடுக்கு வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இறங்கும். கடையில் விற்கும் தாவர விப்பிங் கிரீம் கொஞ்சம் தாங்கும், ஆனால் நாக்கில் மெழுகு ஒட்டுகிற உணர்வு எனக்குப் பிடிப்பதில்லை. நான் போடுவது கனாஷ். இரண்டு பங்கு டார்க் சாக்லேட், ஒரு பங்கு கிரீம். மார்கழியில் சாக்லேட்டை ஒன்றரைப் பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். அமுல் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம், அடித்தாலும் பொங்காது, ஆனால் கனாஷுக்கு அது நன்றாகவே ஒத்துவருகிறது. கனாஷின் கசப்பு கேக்கின் இனிப்பையும் இழுத்துப் பிடிக்கும்.

கேக் முழுக்க ஆறிய பிறகுதான் மேல் மேட்டைச் சீவ வேண்டும். ஓரம் முதலில் இறுகி நடு கடைசியாக எழுவதால் மேடு எப்படியும் இருக்கும். ரம்பப்பல் கத்தி இல்லையென்றால் தடித்த தையல் நூலைச் சுற்றி இழுத்தாலே நேராக அறுந்துவிடும். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, உதிரும் தூளெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் இறுகட்டும், அப்புறம் கனமான பூச்சு. எங்கள் கம்பெனியில் தோலுக்கு பேஸ் கோட் அடித்துக் காயவிட்டு மேல்கோட் அடிப்பதும் இதே முறைதான். காய விடாமல் அடுத்ததை அடித்தால் இரண்டும் சேர்ந்து உரியும்.

என் மைத்துனர் ஏலகிரியில் அத்தனாவூரில் இருக்கிறார். அமெரிக்க மிக்ஸ் பெட்டிகளில் 3,500 அடிக்கு மேல் இருக்கும் ஊர்களுக்கென்று பொதுவாகத் தனிக் குறிப்பு ஒன்று இருக்கும். வேலூர் 700 அடி சுமார், நமக்கு அது தேவையில்லை. ஏலகிரி 3,600 அடியைத் தொடுகிறது. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் குமிழி சட்டென்று பெருத்து, மாவு இறுகும் முன்பே உடைந்து நடுவில் பள்ளம் விழும். அவர் அந்தக் குறிப்பின்படி கொஞ்சம் மைதாவும் தண்ணீரும் கூட்டித்தான் செய்கிறார், தட்டையாக நன்றாக வருகிறது. கீழே இருக்கும் நாம் அதைப் பின்பற்றினால் கேக் கெட்டியாகிவிடும்.

என் மாமியார் முட்டை தொடமாட்டார். தட்டை நீட்டினால் முதல் கேள்வியே, "மாப்பிள்ளை, இதுல முட்டை இருக்குதுங்களா?" என்பதுதான். அவருக்காக ஒரு முட்டைக்குக் கால் கப் புளிக்காத கெட்டித் தயிர் என்று மூன்றுக்கும் முக்கால் கப் சேர்த்துச் செய்வேன். உயரம் சற்றுக் குறைகிறது, துண்டு போடும்போது கொஞ்சம் உதிர்கிறது. ஆனால் வரி கெடுவதில்லை. தயிரின் லேசான புளிப்பு இனிப்பையும் அடக்குகிறது. சொல்லப்போனால் எனக்கே அந்தக் கேக்தான் கூடுதலாகப் பிடிக்கிறது. அடுக்காமல் ஒற்றைத் தட்டாக வைத்துக்கொண்டால் தயிர்க் கேக்குக்கு ஒரு குறையும் இல்லை.

வாங்கும்போது தேதியைக் கட்டாயம் பாருங்கள். கப்பலிலும் கிடங்கிலும் கிடந்து வரும் சரக்கு, தேதி நெருங்கியதைத் தள்ளுபடியில் விற்பார்கள். ஈரம் ஏறினால் பேக்கிங் பவுடர் பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும். பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். மணல் சரிவது போலச் சத்தம் வந்தால் எடுக்கலாம். கட்டி தட்டும் சத்தம் கேட்டால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.