சிஸ்டர் ஸ்லெட்ஜ்: 1979-இன் இரண்டு பாடல்கள்

பிலடெல்பியாவின் நான்கு சகோதரிகளுக்கு 1979-இல் அடுத்தடுத்து இரண்டு வெற்றிகள். இரண்டையும் எழுதித் தயாரித்தவர்கள் ‘ஷிக்’ என்ற டிஸ்கோ இசைக்குழுவின் நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும்தான்.

முதலில் வந்த ‘ஹி'ஸ் தி கிரேட்டஸ்ட் டான்சர்’ நேர்த்தியானது. தொடக்கத்திலேயே ராட்ஜர்ஸின் கிட்டார் துள்ளுகிறது. 1998-இல் வில் ஸ்மித் தன் பாடல் ஒன்றில் அதைத்தான் எடுத்தாண்டார். ஆனால் வரிகள் ஓர் ஆடவன் அணியும் ஹால்ஸ்டன், கூச்சி (Gucci) எனும் ஆடம்பர நிறுவனங்களின் உடைகளை வியப்பதோடு நின்றுவிடுகின்றன.

‘வீ ஆர் ஃபேமிலி’ பாடும்போதோ, சகோதரிகள் தங்களையே பாடுகிறார்கள். எட்டு நிமிட ஆல்பம் வடிவத்தைக் கேளுங்கள்: பல்லவி திரும்பத் திரும்ப ஒலிக்க, கடைக்குட்டி கேத்தியின் குரல் அதன்மேல் கட்டவிழ்ந்து பாய்கிறது. அவ்வாண்டு பேஸ்பால் சாம்பியனான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இதைத் தன் பாட்டாகவே ஆக்கிக்கொண்டது.

கிட்டாருக்காக என்றால் முதல் பாடல்; எனக்கு எப்போதும் இரண்டாவதுதான்.