ஓடா, உடலா, மரபணுவா: சொரசொர பெரிவிங்கிளுக்கு எந்தப் பெயர்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கரையில் சேகரித்த பெரிவிங்கிள் என்ற கடல் நத்தைகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுத வேண்டியிருந்தது. எழுத மூன்று வழிகள் உண்டு. ஓட்டின் வடிவத்தை வைத்துப் பிரிப்பது பழைய வழி. உடலைத் திறந்து இனப்பெருக்க உறுப்புகளைப் பார்ப்பது இரண்டாவது. மரபணுவைப் படிப்பது மூன்றாவது. நான் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

சிக்கல் இல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். ஐரோப்பாவில் வேகவைத்துச் சாப்பிடும் பெரிய, கருஞ்சாம்பல் நிற நத்தை லிட்டோரினா லிட்டோரியா. எந்த வழியில் போனாலும் அதற்கு அதே பெயர்தான். பாறை உச்சியின் இடுக்குகளில் ஒட்டியிருக்கும் குட்டி நத்தை ஒரு காலத்தில் லிட்டோரினா நெரிட்டாய்டிஸ். இப்போது மெலராஃபி என்ற தனிப் பேரினத்தில் இருக்கிறது. அதிலும் தகராறு இல்லை.

கடல்பாசிமேல் வாழும் தட்டை நத்தைகளில்தான் ஓடு முதலில் கையை விரிக்கிறது. ஆப்டுசாட்டா, ஃபபாலிஸ் என்ற இரண்டு இனங்களும் வெளியிலிருந்து பார்த்தால் அநேகமாக ஒன்றுதான். ஆண் நத்தையின் ஆண்குறி வடிவத்தைப் பார்த்தால் நிச்சயமாகப் பிரிக்கலாம்.

உண்மையான தலைவலி சொரசொர பெரிவிங்கிள், அதாவது லிட்டோரினா சாக்சாட்டிலிஸ். வெனிஸ் பக்கத்து நத்தையை வைத்து 1792-இல் இத்தாலிய இயற்கையாளர் ஒலிவி பெயரிட்டார். அதற்குப் பிறகு இந்த ஒரே இனத்துக்கு நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து சேர்ந்தன. பெயர் வைத்தவர்கள் கவனமில்லாதவர்கள் அல்ல. அவர்கள் நம்பிய ஓடுதான் இடத்துக்கு இடம் மாறிக்கொண்டிருந்தது. ஸ்வீடன் கரையில் நண்டுகள் உள்ள கல்பரப்பில் இந்த நத்தை பெரிதாக, தடித்த ஓட்டோடு, ஓட்டின் வாய் (அதாவது திறப்பு) குறுகி இருக்கும். நண்டால் எளிதில் உடைக்க முடியாது. சில மீட்டர் தள்ளி, அலை அறையும் பாறையில் அதே இனம் சிறிதாக, ஓடு மெலிந்து, வாய் அகன்று இருக்கும். பாறையைப் பிடித்துக்கொள்ள அகலமான பாதம் வேண்டும், அந்தப் பாதத்துக்கு அகலமான வாய் வேண்டும். ஸ்பெயினின் கலீசியாவில் பாறையின் மேல்பகுதியில் வரியும் பட்டையும் உள்ளவை, கீழ்ப்பகுதியில் வழவழப்பானவை. இரண்டும் சாக்சாட்டிலிஸ்தான். ஓட்டைப் பார்த்துப் பெயர் எழுதினால் பாதி நேரம் நத்தைக்குப் பதிலாக அது வாழ்ந்த பாறைக்குத்தான் பெயர் வைக்கிறோம்.

குட்டியை எப்படிக் கொண்டுவருகிறது என்பது அப்படிப் பாறைக்குப் பாறை மாறுவதில்லை. எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒரு விஷயம்தான். சாக்சாட்டிலிஸ் பெண்ணின் உடலுக்குள் ஒரு பை உண்டு. அதைத் திறந்து உருப்பெருக்கியில் பார்த்தால், கருக்கள் ஏற்கெனவே சின்னஞ்சிறு ஓடுகளோடு இருக்கும். முழு நத்தையாகவே வெளியே வரும். கிட்டத்தட்ட அதே ஓடுள்ள அர்கானா என்ற நத்தையிடம் அந்தப் பை கிடையாது. அதன் இடத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அது முட்டைகளைக் கூழ்போன்ற திரளாகப் பாறை இடுக்கில் இட்டுவிடும். இந்த வேறுபாட்டால்தான் 1978-இல் அர்கானா தனி இனமானது. கம்ப்ரெஸ்ஸா என்ற இன்னொரு நெருங்கிய இனமும் முட்டையிடுவதுதான், ஆனால் அதை ஓட்டின் வரிகளை வைத்தே ஓரளவு கண்டுகொள்ளலாம். நெக்லெக்டா என்று தனியாகச் சொல்லப்பட்ட, பாறையில் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்ற சிறு உயிரிகளின் வெற்று ஓடுகளுக்குள் வாழும் குட்டையான நத்தையைத் திறந்தால் அதற்கும் குட்டி சுமக்கும் பை இருக்கிறது. அதனால் அது இப்போது சாக்சாட்டிலிஸின் ஒரு வடிவம் மட்டுமே. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டேவிட் ரீட் 1996-இல் வெளியிட்ட பெரிய ஆய்வு நூல் லிட்டோரினா பேரினம் முழுவதையும் உடலமைப்பின் துணையோடு ஒழுங்குபடுத்தியது.

இந்த வழி இனங்களைக் குறைக்க மட்டும்தான் உதவும் என்று நினைக்க வேண்டாம். பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் மரத்தில் ஏறும் நத்தைகளைப் பாருங்கள். இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் உள்ளவற்றையெல்லாம் ஸ்காப்ரா என்ற ஒரே பெயரில் அடக்கிவைத்திருந்தார்கள். அதே ரீட் 1986-இல் உடலமைப்பைப் பார்த்து அவற்றை லிட்டோரேரியா பேரினத்தில் பல இனங்களாகப் பிரித்தார். ஐரோப்பாவில் பல பெயர்களை ஒன்றாக்கிய அதே அளவுகோல் இங்கே ஒன்றைப் பலவாக்கியது. நான் அதை நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குறைகளும் இருக்கின்றன. நத்தையைக் கொன்றாக வேண்டும். நேரம் பிடிக்கும். சாக்சாட்டிலிஸ் ஆணையும் அர்கானா ஆணையும் பிரிப்பது மிகக் கடினம். முதிராத பெண்ணும் கைகொடுக்காது.

அப்படியானால் மரபணுவுக்கே போய்விடலாமே? இதில் எனக்குப் படிப்பறிவு மட்டும்தான், ஆய்வகத்தில் செய்து பார்த்ததில்லை, அதனால் அளந்தே பேசுகிறேன். சாக்சாட்டிலிஸும் அர்கானாவும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் தனி மரபணுக்கள் கொண்ட சிறு உறுப்பு) மரபணு வரிசைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே மலிவான ஒற்றை மரபணுச் சோதனை இங்கே பிரித்துத் தராது. முழு மரபணுத் தொகுதியைப் படித்த 2024 ஆய்வு ஒன்று, குட்டி போடும் பண்பு கடந்த ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 50 மரபணுப் பகுதிகளில் படிப்படியாகச் சேர்ந்தது என்கிறது. பரிணாம மரத்தில் முட்டையிடுபவை ஒரு கிளை, குட்டி போடுபவை இன்னொரு கிளை என்று சுத்தமாகப் பிரியவும் இல்லை. என் அளவுகோலுக்கு இது உண்மையான சவால்தான். நாளைக்கு எல்லைக்கோடு நகரலாம். இருந்தாலும் ஒரு பெண் நத்தையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு பெயர் எழுத வேண்டுமென்றால், பையா சுரப்பியா என்பதைவிடத் தெளிவான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

அதனால் என் சீட்டில் இனப் பெயர், பை இருந்ததா சுரப்பி இருந்ததா என்ற குறிப்பு, அப்புறம் அலைப்பாறையா நண்டுப்பரப்பா என்ற இட விவரம், இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கும். ஆண் என்றால் “சாக்சாட்டிலிஸ் அல்லது அர்கானா” என்றே எழுதுகிறேன். நீங்கள் சேகரிப்பதாக இருந்தால் ஓட்டை மட்டும் கழுவிக் காயவைக்காதீர்கள். சதையை எத்தனாலில் போட்டு, ஓட்டுக்குக் கொடுத்த அதே எண்ணை அந்தக் குப்பிக்கும் கொடுத்து வையுங்கள். பெயர் மாறினால் திரும்பத் திறந்து பார்க்க ஏதாவது இருக்க வேண்டுமே.