பின்சக்கரத்தில் டிஸ்க்கா, டிரம்மா?

ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி வாங்கப் போனால், ஷோரூமில் விலை கூடிய மாடலைக் காட்டி, "நாலு சக்கரத்துலயும் டிஸ்க் பிரேக் சார்" என்பார்கள். விலை குறைந்த மாடலில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக் இருக்கும். சக்கரத்தோடு சுழலும் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பது டிஸ்க்; மூடிய உருளையின் உட்சுவரில் கட்டைகள் விரிந்து உரசிப் பிடிப்பது டிரம். டிஸ்க்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு டிரம்மே போதும். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், பெரும்பாலான வேலையைச் செய்வது முன்சக்கர டிஸ்க்தான். டிரம் விலையும் குறைவு, ஹேண்ட் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும்.

மலைப்பாதை என்றால் கதை வேறு. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க 36 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் பெட்டியுமாக நிறைந்த வண்டியில், காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம்முக்குள் சூடு தேங்கும். சூட்டில் டிரம் விரிய, பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டிவரும். டிஸ்க் திறந்தே இருப்பதால் காற்றுப்பட்டுச் சீக்கிரம் ஆறும். என் ஓட்டு அதற்குத்தான்.

ஆனால் டிஸ்க் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை மறந்துவிட்டால் வம்பு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் கொதிநிலை 155 டிகிரிவரைகூட இறங்கலாம். கொதித்தால் குமிழிகள் வரும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அப்புறம் டிஸ்க்கும் ஒன்றுதான், டிரம்மும் ஒன்றுதான். இறக்கத்தில் இரண்டாவது கியரில் போங்கள். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.