கடை வாட்ஸ்அப் எண்ணை ஏஐ உதவியாளருடன் இணைக்கக் கொடுக்குமுன்

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் புடவை வியாபாரம் செய்கிறேன். கடை என்று ஒன்று இருந்தாலும் வியாபாரத்தில் முக்கால் பங்கு வாட்ஸ்அப்பில்தான். காலையில் வந்த சரக்கைப் படம் எடுத்துக் குழுக்களில் போட்டால் எங்கள் சரக்கைக் கமிஷனுக்கு விற்றுத் தரும் ரீசெல்லர் அக்காமார்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். விலை என்ன, முந்தானையைக் காட்டுங்கள், இதே டிசைனில் மாம்பழ மஞ்சள் இருக்கிறதா, ரவிக்கைத் துணி உடன் வருமா. இரவு பதினொன்றரைக்கும் கேட்பார்கள். பதில் பத்து நிமிடம் தாமதமானால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். போதாததற்கு இன்ஸ்டாகிராமில் சிலர், டெலிகிராமில் சிலர்.

தை பிறந்து முகூர்த்த வியாபாரம் சூடு பிடித்த நேரத்தில், தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு தம்பி வந்தார். "அண்ணா, மூன்று செயலிக்கும் சேர்த்து ஒரே ஏஐ உதவியாளர். நீங்கள் தூங்குங்கள், அது பேசும்" என்றார். 18,000 ரூபாய் முன்பணம், அப்புறம் மாதம் 2,500.

ஒரு கேள்வி மட்டும் ஒழுங்காகக் கேட்டேன். இதற்கு முறையான வழி வேறு இருக்கிறதாமே? "அந்த வழியில் 2026 ஜனவரி 15 முதல் ஏஐ-க்குத் தடை போட்டுவிட்டார்கள் அண்ணா. இனி இப்படித்தான்" என்று தன் ஃபோனில் ஒரு செய்தியைக் காட்டினார். செய்தி உண்மை. அவர் சொன்னது பாதிதான் உண்மை. வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா தடுத்தது, எதைக் கேட்டாலும் பேசும் பொதுவான ஏஐ பாட்களை, அதாவது தானாகப் பதில் சொல்லும் நிரல்களை. சாட்ஜிபிடி வாட்ஸ்அப்பை விட்டு வெளியேறியதும் அதனால்தான். ஒரு கடைக்காரர் தன் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வைத்துக்கொள்ளும் உதவியாளர் அந்தத் தடைக்குள் வராது. அதற்கென்று வாட்ஸ்அப்பே தரும் முறையான இணைப்பு வழியான கிளவுட் ஏபிஐ 2022 முதலே திறந்திருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று தலையாட்டினேன்.

என் ஃபோனை வாங்கினார். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தைத் திறந்து, தன் லேப்டாப்பில் தெரிந்த கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தார். ஐந்து நிமிட வேலை. நாம் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறக்கிறோமே, அதேதான். அந்தப் பக்கம் இருந்தது மனிதர் இல்லை, உலாவி போல வேடமிட்ட ஒரு நிரல். வாட்ஸ்அப் விதிகள் இதை அனுமதிப்பதில்லை. அன்று மாலை அந்தப் பட்டியலில் 'கூகுள் குரோம் (உபுண்டு)' என்று ஒரு வரி இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். உபுண்டு என்பது விண்டோஸ் போல வேறொரு இயங்குதளம். எங்கள் கடையில் இருக்கும் ஒரே கணினி பில் போடும் விண்டோஸ் கணினி. பார்த்தும் விட்டுவிட்டேன்.

முதல் மூன்று நாள் சொர்க்கம், அதை மறைக்கப் போவதில்லை. "வணக்கம் அக்கா" என்று தொடங்கி விலையைச் சரியாகச் சொன்னது, இருப்பு இல்லாததை இல்லை என்றது. நான் பெருமையடித்துக்கொண்டதில் எதிர்க்கடைக்காரரும் இன்னொருவரும் அதே தம்பியிடம் முன்பணம் கொடுத்தார்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

நான்காம் நாள் விடியற்காலையில் எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா மகன் எழுதியிருந்தான்: "பெரியப்பா தவறிவிட்டார். மதியம் 3 மணிக்கு எடுக்கிறார்கள்." அதற்குக் கீழே, அடுத்த நொடியே, என் பெயரில்: "வணக்கம்! 3 எடுத்தால் கூரியர் கட்டணம் இலவசம். எந்த நிறத்தில் எடுக்கிறீர்கள்?"

நான் தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து பார்த்தபோது பதினான்கு தவறிய அழைப்புகள். துக்க வீட்டில் பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. மாமாதான், நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டே, "வியாபாரம் நன்றாக நடக்கிறது போலிருக்கிறது மாப்பிள்ளை" என்றார். இந்த வகை நிரல்களில் யாருக்குப் பதில் சொல்லலாம், குழுக்களில் வாயைத் திறக்கலாமா என்பதற்கெல்லாம் தனித்தனி அமைப்பு இருக்கிறது. தம்பி எதையும் தொடவில்லை. வந்த செய்தி அத்தனைக்கும் பதில் என்றே விட்டிருந்தார்.

சாயங்காலம் அழைத்துத் திட்டினேன். "சரி செய்துவிட்டேன் அண்ணா" என்றார். குழுக்களில் பேசுவது நின்றது. ஆனால் இரண்டு நாளில் டெலிகிராமில் ஒரு வாடிக்கையாளர் "என் பார்சல் எங்கே" என்று கேட்க, வாட்ஸ்அப்பில் ஆர்டர் போட்ட வேறொரு பெண்ணின் பெயர், வீட்டு முகவரி, கூரியர் எண் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறது. கேட்டவர் நல்லவர், எனக்குத் தெரிவித்தார். காரணம் எளிது. மூன்று செயலியிலிருந்தும் வரும் பேச்சு ஒரே நினைவில், ஒரே உரையாடலாகக் கலந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு நோட்டுப் போடாமல் எல்லார் கணக்கையும் ஒரே பக்கத்தில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. இணைக்க வருகிறவரிடம் இந்த ஒன்றையாவது கேளுங்கள்: ஒவ்வொரு வாடிக்கையாளரின் பேச்சும் தனியாக நிற்குமா? உங்கள் கண் எதிரே இரண்டு ஃபோனிலிருந்து சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதற்குள் அவர் எனக்கு ஒரு பரிசு கொடுத்திருந்தார். அவர் வார்த்தை அது. என்னைக் கேட்காமலே, மாசி முகூர்த்தச் சலுகை என்று ஒரு செய்தியை நள்ளிரவில் என் எண்ணிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பியிருக்கிறார். முறையான வழியில் இப்படி விளம்பரம் அனுப்ப வேண்டுமானால் செய்தியின் மாதிரியை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கட்டணமும் உண்டு. காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் இந்தக் கணக்கு இனி வாட்ஸ்அப்பைப் பயன்படுத்த முடியாது என்று ஒரு பக்கம். மறுஆய்வு கேட்கும் பொத்தானை அழுத்தினேன். விதிமீறல் உறுதி என்று பதில் வந்தது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. விதியை மீறியது என் எண்தானே. ஒன்பது வருட எண். விசிட்டிங் கார்டில், கடைப் பலகையில், புடவைப் பெட்டியின் மூடியில் அச்சடித்த எண்.

தம்பி ஃபோனை எடுப்பதை நிறுத்தினார். டெலிகிராம் பாட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதையாவது நிறுத்தலாம் என்று பார்த்தால் கையே வைக்க முடியவில்லை. டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்கில் போய்த்தான் பாட் உருவாக்க வேண்டும். யார் உருவாக்குகிறாரோ அவர்தான் உரிமையாளர், பாட்டை இயக்கும் ரகசியக் குறியீடான டோக்கனும் அவரிடம். இவர் தன் கணக்கில் உருவாக்கியிருந்தார். என் கடைப் பெயர், என் கடைப் படம், சொந்தக்காரர் அவர். "மாற்றிக் கொடுக்கத் தனியாக 10,000 ஆகும் அண்ணா" என்று ஒரு குரல் செய்தி மட்டும் வந்தது.

பிடி கிடைத்தது வேறு இடத்தில். உதவியாளரைப் பேச வைக்கும் ஏஐ நிறுவனத்தின் கணக்கை மட்டும் என் மின்னஞ்சலில், என் கார்டில் தொடங்கியிருந்தார், செலவு என் தலையில் விழ வேண்டுமே. அந்த நிறுவனம் தரும் கீ ஒரு நீண்ட எழுத்துச் சரம். அதை நகல் எடுத்து வைத்திருக்கிற யாரும் பயன்படுத்தலாம், பணம் கார்டுக்காரரிடமிருந்து போகும். என் எண் முடங்கி நான்கு நாள். டெலிகிராமில் நாளைக்குப் பத்துச் செய்தி வந்தால் அதிகம். ஆனாலும் வங்கிக் குறுஞ்செய்தி வந்துகொண்டே இருந்தது. உள்ளே நுழைந்து பார்த்தால் பயன்பாட்டு வரைபடம் இறங்கவே இல்லை, ஏறியிருந்தது.

கீயை நீக்கினேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நான்கு நாளாக எடுக்காதவர் தானே அழைத்தார். "அண்ணா, கீயை ஏன் நீக்கினீர்கள்?" பின்னாலேயே எதிர்க்கடைக்காரர் சாலையைக் கடந்து வந்து, "உங்களுடையது வேலை செய்கிறதா? என்னுடையது திடீரென்று ஊமையாகிவிட்டது" என்றார். அவர் கடையின் பாட், எனக்குத் தெரியாத எத்தனையோ கடைகளின் பாட்கள் எல்லாம் என் கார்டில் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன.

பயன்பாட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னேன். அன்று இரவே டெலிகிராம் பாட்டின் உரிமை என் கணக்குக்கு மாறியது. முன்பணம் திரும்ப வரவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் வைத்திருக்கிறேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கும் பொருளுக்கு 2019 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. சேவைக்கும் அது பொருந்துமா என்று சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைவிட என்னைத் தூங்கவிடாதது இன்னொன்று. இப்படிச் சாதனம் ஒன்றை இணைக்கும்போது சமீபத்திய உரையாடல்களும் அதற்குப் போய்ச் சேரும். பிறகு நாம் இணைப்பைத் துண்டித்தாலும் அங்கே சேமித்து வைத்தது அங்கேயேதான் இருக்கும். கமிஷன் போடுவதற்காக ரீசெல்லர்கள் எனக்கு அனுப்பிய வங்கிப் பாஸ்புக் முதல் பக்கங்கள், ஜிபே எண்கள், வாடிக்கையாளர் முகவரிகள் எல்லாம் யாரோ ஒருவருடைய கணினியில் கிடக்கின்றன. புது எண்ணிலிருந்து ஒவ்வொருவரையும் நானே அழைத்து, என் பெயரைச் சொல்லி யார் ஓடிபி கேட்டாலும், பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். நோட்டில் அகர வரிசையில் எழுதி வைத்திருக்கிறேன். நேற்று இரவு 'ம' வரை முடிந்திருக்கிறது.