அரைச் சுற்று தள்ளி மாட்டிய தண்டு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஜெர்மன் வண்டியா, ஜப்பான் வண்டியா? இரண்டையும் வைத்திருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள்." அவர் கேட்ட நேரம் நல்ல நேரம் இல்லை. என் 1986 போர்ஷே 944 அன்றுதான் பட்டறையிலிருந்து இரண்டாம் முறையாகத் திரும்பியிருந்தது.

944 வைத்திருப்பவர், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மாற்றிவிட வேண்டும். அறுந்தால் பிஸ்டன் மோதி வால்வுகள் வளைந்துவிடும். அதில் எனக்கு மனக்குறை இல்லை, தெரிந்துதான் வாங்கினேன். அதன் பக்கத்திலேயே, என்ஜினின் குலுக்கலை அடக்கும் தண்டுகளான பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளைச் சுழற்றும் இன்னொரு பெல்ட் உண்டு. பட்டறைக்காரர்கள் இரண்டையும் மாற்றும்போது ஒரு தண்டை அரைச் சுற்று தள்ளி மாட்டிவிட்டார்கள். என்ஜின் வேகம் நிமிடத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டியதும் ஸ்டீயரிங் பிடித்த கை மரத்துப்போனது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பதினொரு ஆண்டுகளாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. குறியைப் பார்த்து மாட்ட வேண்டியதை மாட்டாமல், பழியை வண்டியின் வயதின்மேல் போட்டார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தத் தண்டுகளின் அருமை அந்த மூன்று வாரங்களில்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டரை லிட்டர் கொள்ளளவை நான்கே சிலிண்டர்களில் அடைத்த என்ஜின் குலுங்கத்தான் செய்யும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டைவிட இரு மடங்கு வேகத்தில், எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு தண்டுகள் அந்தக் குலுக்கலைத் தின்றுவிடுகின்றன. இந்த நுட்பத்தின் காப்புரிமை அப்போது ஜப்பானின் மிட்சுபிஷியிடம் இருந்தது. போர்ஷே அதற்கு உரிமம் வாங்கித்தான் 944இல் வைத்தது.

என்னிடம் உள்ள இன்னொரு வண்டி 1989 மாஸ்டா ஆர்எக்ஸ்-7. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் அதன் ரோட்டரி என்ஜினுக்கு வித்திட்டவர் ஃபெலிக்ஸ் வாங்கல் என்ற ஜெர்மானியர். 1964இல் அத்தகைய என்ஜினுடன் முதல் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது நெக்கர்சுல்மின் என்எஸ்யு நிறுவனம். நான் குடியிருக்கும் ஹைல்பிரானுக்கு நெக்கர்சுல்ம் பக்கத்து ஊர். 944 உருவானதும் அங்கிருந்த பழைய என்எஸ்யு ஆலையில்தான். ஜெர்மனியில் நின்றுபோன அந்த என்ஜினை மாஸ்டா விடாமல் வளர்த்து, 1991இல் 24 மணி நேர லெ மான்ஸ் கார் பந்தயத்தையே வென்றது. இதில் எதை ஜெர்மன் வண்டி என்பது, எதை ஜப்பான் வண்டி என்பது?

ஓட்டுவதற்கு 944தான் ஒரு படி மேல். கியர்பெட்டி பின்னச்சில் இருப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம். மழையில் நனைந்த வளைவிலும் வண்டி நிதானம் தவறாது. ஆர்எக்ஸ்-7இன் என்ஜின் பட்டுப்போல் சுழலும், ஆனால் பெட்ரோலை வாரிக் குடிக்கும். ரோட்டர்களின் முனைகளுக்கு மசகு வேண்டும் என்பதால், கொஞ்சம் ஆயிலை எரிப்பதும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவைப் பார்க்கிறேன்.

ஆனாலும் நண்பரிடம் ஆர்எக்ஸ்-7ஐத்தான் வாங்கச் சொன்னேன். அதில் டைமிங் பெல்ட் இல்லை, வால்வு இல்லை, தப்பாக மாட்ட பேலன்ஸ் ஷாஃப்ட்டும் இல்லை. வாங்கும் முன் ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷனை, அதாவது என்ஜினுக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளக்கச் சொல்லுங்கள். இரண்டு ரோட்டர்கள், ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள், மொத்தம் ஆறு அளவுகள். அவற்றில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தாலும் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.